கலைச்சொல்: ஆடை வெட்டும் ‘பேட்டர்ன்’ – வெட்டுத்தாளா, வெட்டுருவா?

> ‘வார்ப்புரு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளலாமே?

ஐயா, வணக்கம். துணியை எந்த வடிவில் வெட்டுவது என்று காட்டும் அளவுப்படம்தான் ‘பேட்டர்ன்’. நான் எழுதும் பாவாடைத் தையல் குறிப்பில் அதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். ‘வார்ப்புரு’வில் எனக்கு உடன்பாடு இல்லை. துணியை யாரும் வார்ப்பதில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் அந்தச் சொல், பல பக்கங்களில் திரும்ப இடும் ‘டெம்ப்ளேட்’டுக்கு நிலைத்தும்விட்டது. ‘வடிவம்’ என்றால் துணியில் அச்சிட்ட பூவா, பாவாடையின் வெட்டா என்று தெரியாது. ‘வெட்டுத்தாள்’ என்பது என் பரிந்துரை. அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர் 1863-இல் பல அளவுகளில் விற்கத் தொடங்கியதும் தாள்தான். இன்று வீட்டில் தைப்பவர்கள் மேசையில் விரிப்பதும் தாள்தான்.

ஆனால் இந்த ஒரு சொல்லோடு வேலை முடியாது. தாளைக் கையில் எடுத்ததும் வேறு சில சொற்கள் உடனே தேவைப்படுகின்றன. ஓரத்தில் தையலுக்காக விடும் துணியையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க உறைகளில் வரும் தாள்களில் பெரும்பாலும் அது 5/8 அங்குலம் சேர்த்தே வரையப்பட்டிருக்கும். ஜெர்மனியின் புர்டா என்ற தையல் இதழோடு வரும் தாளில் அது இருக்காது. நாம்தான் கூட்டி வெட்ட வேண்டும். கூட்டாமல் வெட்டினால், இரு பக்கத் தையல் உள்ள பாவாடையில் நான்கு ஓரங்களுக்கும் சேர்த்து 2½ அங்குலம் சுற்றளவு போய்விடும், இடுப்பில் ஏறாது. ‘உள்ளே துணி விடுங்கள்’ என்று தையற்கடையில் சொல்கிறோம் அல்லவா? அதிலிருந்தே ‘விடுதுணி’ என்று எடுத்தேன். ‘விடுதுணி சேர்த்தது’, ‘விடுதுணி சேர்க்காதது’ என்று குறிப்பின் தலைப்பிலேயே எழுதிவிடலாம்.

தாளின் நடுவே நீண்ட அம்புக்குறி ஒன்று இருக்கும். அது துணியின் கரைக்கு இணையாக, அதாவது பாவு (துணியின் நீளவாட்டு நூல்) ஓடும் திசையில் விழ வேண்டும். கரையிலிருந்து அம்பின் இரு முனைகளுக்கும் உள்ள தூரத்தை அளந்து, இரண்டும் ஒன்றாக வரும்வரை தாளை நகர்த்தி, அதன் பிறகே குண்டூசி குத்த வேண்டும். சாய்ந்துவிட்டால், துவைத்த பிறகு பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்துவிடும். நெசவாளர் வீட்டுச் சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு? ‘பாவுக்கோடு’ போதும். ஓரங்களைப் பொருத்துவதற்குக் கத்தரி நுனியால் இடும் சிறு வெட்டுக்கு ‘நறுக்கு’. உடல் அளவுக்கும் ஆடை அளவுக்கும் உள்ள வேறுபாட்டுக்குத் ‘தளர்வு’. 38 அங்குல இடைக்கு 40 அங்குலப் பாவாடை என்றால் தளர்வு 2 அங்குலம்.

> ‘வெட்டுத்தாள்’ என்பது என் பரிந்துரை.

அம்மா, விடுதுணியும் பாவுக்கோடும் அருமை. தாள் மட்டும்தான் இடிக்கிறது. ஆடைத் தொழிற்சாலைகளில் இதைக் கணினியில் வரைகிறார்கள். அடிக்கடி வெட்டும் துண்டுகளுக்கு அட்டை வைத்திருக்கிறார்கள். வீட்டில் தைப்பவர்களும் இப்போது கணினிக் கோப்பாகவும் விலைக்கு வாங்குகிறார்கள். அட்டையில் செய்ததை ‘அட்டை வெட்டுத்தாள்’ என்பதா? ‘வெட்டுரு’ என்று வைத்தால் வெட்டுருத்தாள், வெட்டுரு அட்டை, வெட்டுருக் கோப்பு எல்லாம் இயல்பாகக் கிளைக்கும். வார்ப்புரு பழகிய காதுக்கு அந்நியமாகவும் இராது.

> ‘வெட்டுரு’ என்று வைத்தால்

ஏற்கிறேன் ஐயா. கோப்பை நான் எண்ணிப் பார்க்கவில்லை. தாளைக் குறிக்கும் இடங்களில் மட்டும் ‘வெட்டுருத்தாள்’ என்று எழுதுகிறேன்.

‘டாட்’டுக்கும், அதாவது ஆடை உடலோடு பொருந்தத் துணியை மடித்துக் கூராகத் தைக்கும் பிடிப்புக்கும், சொல் வேண்டும் என்று சிலர் கேட்டிருந்தார்கள். ‘இடுப்பில் டாட் பிடி’ என்பது ஊர் ஊராகத் தையற்காரர் வாயில் புழங்கும் தொடர். ‘பிடி’ என்ற வினையைச் சேர்த்து அதை நம்மவர்கள் என்றோ தமிழாக்கிவிட்டார்கள். அதை மாற்ற எனக்கு மனமில்லை. பாவாடைக் குறிப்பில் ‘டாட்’ என்றே எழுதப்போகிறேன்.