நிலக்கரி வருமானக் கணக்கு: தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து எழுதுகிறேன். மகள் ஆறாம் படிவம். நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நிலக்கரி வருமானத்தின் பங்கு காலப்போக்கில் எப்படி மாறியது என்று பொருளியலுக்கு எழுத வேண்டுமாம்.

உலக வங்கி அட்டவணை கிடைத்தது. அது 1970இல்தான் தொடங்குகிறது. நம் பக்கத்து ஊரான பத்து ஆராங்கின் நிலக்கரிச் சுரங்கமோ 1960இலேயே மூடியாச்சு! ரயிலும் கோலாலம்பூர் பங்சார் மின்நிலையமும் அந்தக் கரியில் ஓடிய காலத்துக் கணக்கை எங்கே தேடுவது? ஆர்கிப் நெகாராவில் (தேசிய ஆவணக் காப்பகத்தில்) பிரிட்டிஷ் கால ஆண்டறிக்கைகளைப் புரட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

இன்னொரு சிக்கல். அந்த அட்டவணையில் வருமானம் என்பது மொத்த விற்பனை இல்லை. உலகச் சந்தை விலையில் கரியின் மதிப்பைப் போட்டு, வெட்டியெடுக்கும் செலவைக் கழித்தால் மிஞ்சுவது. ஆகவே 2008 மாதிரி விலை எகிறிய ஆண்டில், கூடுதலாகத் தோண்டாமலேயே பங்கு ஏறிவிடும். ரப்பர் விலையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. ஆனால் விலையால் வந்த ஏற்றம் எது, உற்பத்தியால் வந்தது எது என்று வரைபடத்தில் பிரித்துக் காட்டுவது எப்படி?

பொருளியல் ஆசிரியர்கள், பல்கலைக்கழகத் தம்பி தங்கைகள் யாரானாலும் சொல்லுங்கள். வாட்சாப்பில் குரல் பதிவு அனுப்பினாலும் சரி, அவளே கேட்டு எழுதிக்கொள்வாள்.