சொந்த ஊரை எடுத்தா மட்டும் படம் ஏன் செத்துப்போகுது?

கரையோரக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா ஓரமா உட்கார்ந்து படிச்சிட்டிருந்தவன், இன்னைக்குத்தான் வாயைத் திறக்கிறேன்.

41 வருஷமா ஒரே ஊர். ஆத்தோரம் வீடு, கடல் கூப்பிடு தூரம். கரையில இருக்கிற ஒவ்வொரு கட்டடத்தோட காரை எங்க பெயர்ந்திருக்குன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன். ஆனா கேமராவை எடுத்தா எல்லாம் போச்சு. வெளியூர்ல எடுத்த படங்களைப் பார்த்து நாலு பேர் நல்லாருக்குன்னு சொல்றாங்க. சொந்த ஊர்ப் படத்தை எனக்கே ரெண்டாவது தடவை பார்க்கத் தோணல.

மணிக்கூண்டைக் கிட்ட நின்னு அண்ணாந்து எடுத்தா மல்லாக்க விழப்போற மாதிரி இருக்கு. தள்ளி நின்னா நடுவுல கம்பி, பலகை, நிறுத்தி வச்ச வண்டி. தண்ணிப் பக்கம் திரும்பினா பாத்திரம் கழுவின தண்ணி கலர். போன ஞாயித்துக்கிழமை மட்டும் 200 படம். வீட்டுக்காரி தள்ளித் தள்ளிப் பார்த்துட்டு, "இதுல நம்ம ஊர் எங்க இருக்கு?"ன்னு கேட்டுட்டா. அதுதான் உறுத்துது.

கையில 24-105 மி.மீ. ஜூம் லென்ஸ், ஒரு முக்காலி. என்ன தப்பு பண்றேன்?

பழையஃபிலிம்

தம்பி, கட்டடம் சாயறது லென்ஸ் கோளாறு இல்ல. கேமராவோட முதுகு சுவருக்கு இணையா நிக்கணும். நீங்க மூக்கைத் தூக்கின உடனே அது கெட்டுப்போகுது, செங்குத்துக் கோடெல்லாம் மேல போகப் போக நெருங்குது. துருத்தி கேமரா காலத்துல லென்ஸை மட்டும் மேல ஏத்திச் சரிக்கட்டுவாங்க. 1960களோட தொடக்கத்துல நிக்கான் அதே வேலையை 35 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸ்ல கொண்டுவந்துச்சு. அந்த வகை லென்ஸோட விலையை இப்பக் கேட்டா நெஞ்சடைக்கும், விடுங்க. கம்ப்யூட்டர்ல நிமிர்த்திக்கலாம், ஆனா ஓரம் வெட்டுப்படும், அதனால சுத்தி இடம் விட்டு எடுங்க. முழுசா நிமிர்த்தவும் வேண்டாம். தலை பெருத்த கட்டடமாத் தெரியும், துளி சாய்வு மிச்சம் இருக்கட்டும்.

ஆனா உங்களுக்கு இதெல்லாம் தேவையே இல்லைன்னு தோணுது. ஊருக்குள்ள எந்தத் தெருவிலயும் ஒரு கட்டடத்தை முழுசாப் பார்க்கிற அளவுக்குப் பின்னால போக முடியாது, முதுகு அடுத்த சுவத்துல இடிக்கும். உங்களுக்கு அந்த இடத்தை ஆறு கொடுத்திருக்கு. 41 வருஷமா வீட்டுப் பக்கத்துக் கரையிலேயே நின்னு பார்த்திருக்கீங்க. எதிர்க்கரைக்குப் போங்க. லென்ஸை 105ல வைங்க. அண்ணாந்து எடுக்கவே வேண்டாம், கோடெல்லாம் தானா நிக்கும். கம்பியும் வண்டியும் தண்ணிக்கு அந்தப் பக்கம் சின்னதாப் போயிடும்.

அப்புறம் நேரம். சூரியன் மறைஞ்சதும் மூட்டை கட்டாதீங்க. அது அடிவானத்துக்கு 4லிருந்து 6 டிகிரி கீழ போற வேளையில நீல வானமும் ஜன்னல் விளக்கும் வெளிச்சத்துல சரிசமமா நிக்கும், அதைத்தான் நீல வேளைன்னு சொல்றது. பூமத்திய ரேகைப் பக்கம்னா பத்து நிமிஷம்கூடத் தாங்காது, அதனால ஃப்ரேமை முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருக்கணும். ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணர்ற அளவு) 100, எஃப் 8 (லென்ஸ் துவாரத்தோட அளவு), 4 விநாடியில ஆரம்பிச்சுப் பாருங்க. ஒயிட் பேலன்ஸை, அதாவது கலரைச் சரிக்கட்டுற அமைப்பை, ஆட்டோவில விட்டா அந்த நீலத்தைக் கழுவித் துடைச்சிடும்.

முக்காலியில வச்சா ஸ்டெபிலைசேஷனை (கை நடுக்கத்தைச் சரிக்கட்டுற வசதி) அணைங்க. நான் ஒரு முழுச் சாயங்காலத்தை அதுக்குப் பலி கொடுத்தவன்.

வானவில்_7

சிபிஎல் ஃபில்டர் (போலரைசர்) வாங்கிப் போடுங்க ப்ரோ. தண்ணி சும்மா கண்ணாடி மாதிரி வரும்.

பழையஃபிலிம்

வானவில் தம்பி, கண்ணாடியை உடைக்கிறதுதான் அந்த ஃபில்டரோட வேலையே. தண்ணிப் பரப்புக்குச் சுமார் 37 டிகிரி மேலிருந்து பார்க்கிறப்போ பிரதிபலிப்பை அதிகமா அழிக்கும். பகல்ல பளபளப்பைக் குறைக்க நல்லது. சாயங்காலம் கட்டடத்தோட பிம்பம் தண்ணியில வேணும்னா கழட்டிப் பையில போடுங்க. வெளிச்சத்துலயும் ஒண்ணரை ஸ்டாப் மிச்சம் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு).

மீன்கொத்தி

அண்ணா, கடல் கிட்டன்னு சொல்றீங்க, ஆனா ஓதத்தைப் பத்தி, அதான் கடல் தண்ணி ஏறி இறங்குறதைப் பத்தி, யாரும் பேசலையே? தண்ணி வத்தின நேரத்துல போனா சேறும் பாசி பிடிச்ச சுவரும்தான் கிடைக்கும். பெரும்பாலான கரைகள்ல ஒரு ஏத்தத்துக்கும் அடுத்ததுக்கும் 12 மணி 25 நிமிஷம், அதனால தினமும் 50 நிமிஷம் தள்ளிப்போகும். நிறைஞ்ச தண்ணியும் பழையஃபிலிம் ஐயா சொன்ன நீல வேளையும் ஒண்ணா வர்றது ஏறக்குறைய 15 நாளுக்கு ஒரு தடவைதான். அட்டவணையைப் பார்த்து நாள் குறிச்சுட்டுப் போங்க. ஏத்தம் நின்னு திரும்புற அந்தக் கொஞ்ச நேரம் தண்ணி அசையாது. காத்தும் இல்லாம இருந்தா அதிர்ஷ்டம்.

கூட்டம் தொந்தரவுன்னா வெளிச்சத்தைக் குறைக்கிற 10 ஸ்டாப் என்டி ஃபில்டர். 1/30 விநாடி சுமார் 34 விநாடியா நீளும், நடக்கிறவங்க கரைஞ்சிடுவாங்க. 1838ல ஃபோட்டோ கலையோட முன்னோடி டகேர் பாரிஸ் தெருவை எடுத்தப்போ இதுதான் நடந்துச்சு. வண்டி, ஜனம் எல்லாம் மறைஞ்சு, ஷூவுக்குப் பாலிஷ் போட நின்ன ஆள் மட்டும் மிஞ்சினார். ஆனா கட்டியிருக்கிற படகும் ஆடும், ரெண்டு மூணு படகாத் தெரியும். படகு முக்கியம்னா ஐஎஸ்ஓவைக் கூட்டி நேரத்தைக் குறைங்க.

வீட்டுக்கு வந்ததும் முக்காலிக் காலை நல்ல தண்ணியில கழுவுங்க. என்னோடது உப்புல இறுகி இப்போ ஒரே உயரத்துல நிக்குது.

கரையோரக்காரன்

பதினோரு நாள் காத்திருந்து, நேத்து தண்ணி நிறைஞ்ச நேரம் பார்த்து எதிர்க்கரைக்குப் போனேன். பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கி நின்னதே பத்து வருஷத்துக்கு முன்னாடி. முக்காலியை மரத்துறையில வச்சுட்டேன், யாராவது நடந்தா மொத்தமும் அதிருது. அப்படியே 9 படம் வீண். கல்தரைக்கு மாத்தின பிறகு 3 படம்தான் எடுக்க முடிஞ்சது, அதுக்குள்ள வானம் கருத்துடுச்சு.

மூணாவதுல மணிக்கூண்டு நேரா நிக்குது, தண்ணியில தலைகீழா இன்னொண்ணு. பெருசாக்கிப் பார்த்தேன். மேல் வரிசையில நாலு ஜன்னல். மூணுல விளக்கு வெளிச்சம். நாலாவது ஜன்னலே இல்ல, செங்கல் வச்சு அடைச்சு ஜன்னல் மாதிரியே சுண்ணாம்பு பூசியிருக்காங்க. தினமும் அதுக்குக் கீழதான் நடந்து போறேன்.

வீட்டுக்காரிகிட்ட காட்டினேன். "அது எப்பவும் அப்படித்தானே?"ன்னா.