முதல் மக்களவையின் ஒரு வேலைநாள்: கேள்வி நேரத்துக்கு எவ்வளவு இடம் தருவது?

அமைப்பாளர் (உதகை)

எங்கள் வாசகர் வட்டம் கல்லூரி மாணவர்களைக் கொண்டு மாதிரி நாடாளுமன்றம் ஒன்றை நடத்தவிருக்கிறது. இன்றைய அவையை நடித்துக் காட்டச் சொன்னால் கூச்சல் மட்டுமே மிஞ்சும் என்று அஞ்சி, 1952 மே 13 அன்று முதன்முறையாகக் கூடிய முதல் மக்களவையின் ஒரு நாளை எடுத்துக்கொண்டோம். நீலகிரிக்கு நெருக்கமானது என்பதால் 1953-ஆம் ஆண்டுத் தேயிலை மசோதாவின் விவாதத்தை அந்த நாளின் நடுவில் வைத்திருக்கிறோம். மொத்தம் மூன்று மணி நேரம். அதில் முதல் ஒரு மணி நேரத்தை, அன்றைய அவையில் நடந்தது போலவே, உறுப்பினர்கள் அமைச்சர்களைக் கேள்வி கேட்கும் கேள்வி நேரத்துக்கே முழுவதுமாக விட வேண்டும் என்கிறார்கள் சிலர். இருபது நிமிடம் போதும், மீதியை மசோதாவுக்கும் குழுக்களின் வேலைக்கும் கொடுங்கள் என்கிறார்கள் வேறு சிலர். காரணத்தோடு சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் (கோத்தகிரி)

ஒரு மணி நேரத்தில் ஒரு நிமிடத்தைக்கூடக் குறைக்கக் கூடாது. அன்றைய அவையின் அமைப்பை முதலில் மனத்தில் வையுங்கள். தேர்தல் நடந்த 489 இடங்களில் 364 காங்கிரசிடம் இருந்தன; அடுத்து வந்த பொதுவுடைமைக் கட்சிக்கு 16 இடங்களே கிடைத்தன. அவையின் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாத கட்சிகளே எதிரே அமர்ந்திருந்ததால், அங்கீகரிக்கப்பட்ட எதிர்க்கட்சித் தலைவர் என்று ஒருவர் 1969 வரை மக்களவையில் இருக்கவே இல்லை. அப்படிப்பட்ட அவையில் வாக்கெடுப்பின் முடிவு மணி அடிப்பதற்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். வழக்கமான அலுவலை நிறுத்திவைத்து அவசரப் பிரச்சினை ஒன்றை விவாதிக்கக் கோரும் ஒத்திவைப்புத் தீர்மானத்தையோ சபாநாயகர் மாவ்லங்கர் எளிதில் அனுமதித்தவர் அல்லர். அவைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட பொறுப்பாட்சி வந்த பின்பு அது அரசைக் கண்டிக்கும் கருவி என்பதால் அரிதாகவே பயன்பட வேண்டும் என்பது அவர் நிலை. ஆக, கட்சி பலம் இல்லாத ஓர் உறுப்பினர் தனியாக நின்று ஓர் அமைச்சரை எழுந்து பேச வைக்கக் கூடிய நேரம் அந்த முதல் மணி நேரம்தான்.

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலை அதிகாரிகள் எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால் அதைத் தொடர்ந்து வரும் துணைக் கேள்வி எந்தத் திசையிலிருந்து வரும் என்பது அமைச்சருக்கும் தெரியாது, அவர் பின்னால் கோப்போடு காத்திருக்கும் அதிகாரிக்கும் தெரியாது. மாணவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த நொடியைத்தான். 2020 செப்டம்பர்க் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தை நீக்கியபோது எழுத்து வழிப் பதில்கள் வந்துகொண்டுதான் இருந்தன. துணைக் கேள்வி மட்டும் இல்லாமல் போயிற்று. இழந்தது எது என்று அப்போது பலருக்குப் புரிந்தது.

தோட்டத் தொழிற்சங்க ஊழியர் (குன்னூர்)

ஆசிரியர் ஐயா சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளிலிருந்து பார்த்தால் கணக்கு வேறு. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல், பொதுத் தேர்தலுக்கு முன்பிருந்த தற்காலிக நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இருபத்தைந்து ஏக்கருக்குக் குறையாமல், முப்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டங்களில் குடியிருப்பு, குடிநீர், மருத்துவம், ஐம்பது பெண்கள் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் என்று எல்லாம் அதில் எழுதியிருந்தது. அது நடைமுறைக்கு வந்தது எப்போது? 1954 ஏப்ரல் 1. அதற்கான விதிகளைச் சென்னை மாநில அரசு வெளியிட்டது 1955-இல். 1952-இல் தேயிலை விலை சரிந்திருந்த நிலையில், தோட்டங்களுக்குப் புதிய செலவை ஏற்றும் சட்டத்தில் யாரும் அவசரம் காட்டாததில் வியப்பில்லை.

இப்போது நீங்கள் நடுவில் வைத்திருக்கும் தேயிலைச் சட்டத்தைப் பாருங்கள். 1953-இல் நிறைவேறியது, அதுவும் நடைமுறைக்கு வந்தது அதே 1954 ஏப்ரல் 1 அன்றுதான். வாரியமும் உரிமமும் தீர்வையும் கொண்ட தொழில் சட்டம் ஓராண்டுக்குள் எழுந்து நடந்துவிட்டது. தொழிலாளி வீட்டுக் கூரை பற்றிய சட்டம் இரண்டரை ஆண்டு படுத்துக் கிடந்தது. இவ்வளவு காலமும் கேள்வி நேரம் கூட்டத்தொடர் தவறாமல் நடந்துகொண்டுதான் இருந்தது, ஐயா. அமைச்சர் எழுந்து நின்றதால் ஒரு கூரைக்கும் ஓடு ஏறவில்லை.

வேலை நடந்த இடம் குழு அறை. 1953 டிசம்பர் 1 அன்று மாவ்லங்கர் இரண்டு குழுக்களை அமைத்தார்: அவையில் அமைச்சர்கள் கொடுத்த உறுதிமொழிகளைப் பின்தொடர ஒன்று, சட்டத்தின் கீழ் அரசு எழுதும் விதிகளை ஆராய மற்றொன்று. மாணவர்களுக்கு இவற்றைக் காட்டுங்கள். மேடையில் பார்க்கச் சுவையாக இராது என்பது உண்மைதான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் (கோத்தகிரி)

நண்பரே, உங்கள் எடுத்துக்காட்டு உங்கள் வாதத்துக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. சட்டம் எந்த நாளில் தொடங்கும் என்று அறிவிக்கும் அதிகாரம் நடுவணரசிடம் விடப்பட்டது. விதி எழுதும் அதிகாரம் மாநிலங்களிடம் கொடுக்கப்பட்டது. மாநில அரசு எழுதிய விதியை மக்களவையின் குழு எப்படி ஆராயும்? அது அக்குழுவின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அறிவிக்கப்படாத தேதியைப் பற்றி அமைச்சரை வாய் திறக்க வைக்க அவையில் இருந்த எளிய வழி கேள்விதான். அது போதவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். போதாத கருவி வேறு, வேண்டாத கருவி வேறு. மேலும் உறுதிமொழிக் குழு எதைத் தின்று வாழ்கிறது? அமைச்சர் அவையில் சொன்ன சொல்லைத்தான். அந்தச் சொற்களில் பெரும்பாலானவை கேள்வி நேரத்தில் பிறப்பவை.

வழக்கறிஞர் (கூடலூர்)

இருவருமே அந்த அவையை ஒரு பொற்காலமாக எடுத்துக்கொண்டு, அதன் எந்த அறை புனிதமானது என்று வாதிடுகிறீர்கள். ஐந்து ஆண்டுகளில் 677 நாள் கூடியது என்பதும், 2019 முதல் 2024 வரை இருந்த மக்களவை 274 நாளே கூடியது என்பதும் மறுக்க முடியாதவை. ஆனால் அந்த 677 நாளின் நிகழ்ச்சி நிரலை எழுதியது யார்? பெரும்பகுதி அரசின் அலுவல். அமைச்சகங்கள் தங்கள் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைகளில் விவாதத்துக்கு வராமல் நின்றவை கடைசி நாளில் மொத்தமாக வாக்குக்கு விடப்படும். தனி உறுப்பினருக்கு வெள்ளிக்கிழமையின் கடைசி இரண்டரை மணி நேரம்.

அவை கூடாத காலத்தில் அவசரச் சட்டங்கள் வந்தன. அதைக் கண்டித்து 1950-இலும் 1954-இலும் நேருவுக்குக் கடிதம் எழுதியவர் நீங்கள் மேற்கோள் காட்டும் அதே மாவ்லங்கர். அந்த மாவ்லங்கரை நீக்க வேண்டும் என்று 1954 டிசம்பர் 18 அன்று எதிர்க்கட்சியினர் தீர்மானம் கொண்டுவந்து தோற்றார்கள். எதிர்வரிசையில் இருந்தவர்களுக்கு அந்த அவை அவ்வளவு இனிமையாக இருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கேள்வி நேரத்துக்கு அறுபது நிமிடமா இருபது நிமிடமா என்பதைவிட, அந்த நிமிடங்களைப் பங்கிடும் அலுவல் ஆய்வுக் குழுவின் கூட்டத்தை முதல் காட்சியாக வைப்பதே நேர்மையானது.

வாசகி (கொடைக்கானல்)

பழனி மலைக்காரிக்கும் இங்கே இடம் உண்டு என்று நம்பி எழுதுகிறேன். வழக்கறிஞர் ஏளனமாகக் குறிப்பிட்ட அந்த வெள்ளிக்கிழமை இரண்டரை மணி நேரத்தில்தான், நாடாளுமன்ற நடவடிக்கைகளை உள்ளது உள்ளபடி வெளியிடும் செய்தித்தாளுக்குப் பாதுகாப்பு தரும் மசோதாவைப் பெரோஸ் காந்தி கொண்டுவந்தார். 1956-இல் அது சட்டமாயிற்று. அவர் ஆளும் கட்சி உறுப்பினர், பிரதமரின் மருமகனும்கூட. அந்தச் சட்டம் எவ்வளவு உறுத்தலாக இருந்தது என்பதற்கு, நெருக்கடி நிலைக் காலத்தில் 1976-இல் அதை நீக்கியதும், அடுத்த ஆண்டு ஆட்சி மாறியவுடன் மீண்டும் கொண்டுவந்ததும் போதுமான அத்தாட்சி.

ஒருவரும் தொடாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். அந்த அவையில் மாணவர்கள் எந்த மொழியில் பேசுவார்கள்? அரசியலமைப்பின் 120-ஆவது பிரிவின்படி அலுவல் இந்தியில் அல்லது ஆங்கிலத்தில். இரண்டிலும் தன் கருத்தைச் சரிவரச் சொல்ல முடியாதவரைத் தாய்மொழியில் பேச அவைத் தலைவர் அனுமதிக்கலாம். உரையை உடனுக்குடன் மொழிபெயர்த்துக் காதில் சொல்லும் ஏற்பாடு, அதுவும் அவ்விரு மொழிகளுக்கு இடையே மட்டும், 1964-இல்தான் வந்தது. எழுதி வைத்த உரையை வேற்று மொழியில் வாசித்துவிடலாம்; துணைக் கேள்வியை அந்த நொடியிலேயே வேற்று மொழியில் தொடுப்பது எத்தனை பேரால் முடியும்? ஆசிரியர் ஐயா போற்றும் அந்த ஒரு மணி நேரம் ஆங்கிலம் படித்தவர்களின் ஒரு மணி நேரமாகவே பெரிதும் இருந்திருக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் (கோத்தகிரி)

மொழி பற்றி அம்மா சொல்வதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. நம் மேடையில் தமிழிலேயே பேசட்டும். முதல் வரிசையில் அமரும் ஒருவர் மட்டும் சபாநாயகரிடம் எழுந்து அனுமதி கேட்டுவிட்டுத் தொடங்கட்டும், பார்ப்பவர்களுக்குப் புரிந்துவிடும். வழக்கறிஞர் கேட்கும் அலுவல் ஆய்வுக் குழுக் காட்சிக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கொடுத்தால் கூடம் காலியாகிவிடும்.

வழக்கறிஞர் (கூடலூர்)

அந்த ஐந்து நிமிடத்தையும் பங்கிட்டுக் கொடுப்பவர் நீங்கள்தான் என்பதைக் கவனித்தீர்களா, ஐயா?

அமைப்பாளர் (உதகை)

முடிவு செய்துவிட்டோம். அலுவல் ஆய்வுக் குழு பத்து நிமிடம். கேள்வி நேரம் நாற்பது நிமிடம். மீதி தேயிலை மசோதாவுக்கு. கேள்விகளில் முதலாவது: "1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் எந்த நாளில் நடைமுறைக்கு வரும் என்று தொழிலாளர் துறை அமைச்சர் தெரிவிப்பாரா?" அன்று அத்துறையில் இருந்தவர் வி.வி. கிரி, தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர். அந்த இருக்கையில் குன்னூர் நண்பர் அமர இசைவாரா?

தோட்டத் தொழிற்சங்க ஊழியர் (குன்னூர்)

அமர்கிறேன். "இது அரசின் பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே வரியில் பதில் சொல்வேன். எத்தனை துணைக் கேள்வி வந்தாலும் அதே வரிதான். அந்த வாசகத்தை உறுதிமொழியாகக் கணக்கில் எடுத்து அமைச்சரைத் துரத்தும் குழு இருக்கிறதே என்று ஆசிரியர் ஐயா சொல்வார். ஆனால் தேயிலை மசோதா நிறைவேறிய பிறகே, டிசம்பரில்தான், அந்தக் குழு பிறந்தது. உங்கள் மேடையில் இருக்கும் நாளில் என் பதிலைக் குறித்து வைத்துக்கொள்ளக்கூட ஆள் கிடையாது.