பொருள்: குயில்ட் விளிம்பும் பின்புறமும், நான்கு சொற்கள் தேவை (அவசரம்)

மு.:
குழுவினருக்கு வணக்கம். கைத்தையல் பாடநூல் மொழிபெயர்ப்பு, கடைசி இயலில் நிற்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சுவரில் மாட்டும் கலைக் குயில்ட்டை முடிப்பது பற்றிய இயல். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைத்தபின் ஓரங்களை நேராக வெட்டி மூட வேண்டும். பைண்டிங் என்றால் துணிப்பட்டை விளிம்பைச் சுற்றி வந்து முன்னால் ¼ அங்குலம் தெரியும். ஃபேசிங் என்றால் பட்டை முழுவதும் பின்னால் போய்விடும், முன்னால் எதுவும் தெரியாது. இவ்விரண்டுக்கும், துணியைச் சாய்வாக வெட்டி எடுக்கும் பயாஸ் பட்டைக்கும், மாட்டும் கோலைச் செருகக் குயில்ட்டின் பின்புறம் தைக்கும் ஸ்லீவுக்கும் சொல் தாருங்கள்.

ந.:
பைண்டிங் என்பது கரை. வேட்டிக் கரை, சேலைக் கரை எல்லாருக்கும் தெரிந்ததுதானே. இதற்கு ஏன் விவாதம்?

த.:
ஐயா, கரை தறியிலேயே நெய்யப்படுவது. பைண்டிங் பிறகு தைத்து ஏற்றுவது. போதாததற்கு, குயில்ட்டுக்குத் துணி வெட்டும்போது முதலில் நீக்கச் சொல்வதே கரையைத்தான். அங்கே இழை நெருக்கம், துவைத்தால் வேறு மாதிரி சுருங்கும். 3ஆம் பக்கத்தில் 'கரையை வெட்டி எறிக', 40ஆம் பக்கத்தில் 'கரையைத் தைக்க' என்று வந்தால் படிப்பவர் என்ன செய்வார்?

தையல்காரர் வாயில் இருக்கும் சொல் பட்டி. கழுத்துப் பட்டி, பொத்தான் பட்டி. அதையே நீட்டுங்கள்.

வி.:
'சுற்றுப்பட்டி'?

செ.:
அடுத்து பதினெட்டுப்பட்டி, அப்புறம் பஞ்சாயத்து.

ந.:
பட்டி என்றால் ஆட்டுக்கும் அடைப்பு, ஊருக்கும் பெயர். நம்மிடம் பழஞ்சொல் இல்லாதது போல் பேசுகிறோம். பொருநராற்றுப்படையில் 'வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்' இருக்கிறது. சிலம்பில் 'துன்ன காரரும் தோலின் துன்னரும்'. துன்னுதல் என்றால் நெருங்குதல், தைத்தல் இரண்டும். துணியும் துணியும் நெருங்குவதுதானே தையல்! ஆகவே பைண்டிங் துன்னக்கரை. ஃபேசிங்குக்கு இன்னும் நல்லது இருக்கிறது. முன்+தானை முன்றானை, பேச்சில் முந்தானை. அதே வழியில் பின்+தானை பின்றானை. பின்னால் போகிற துணி, பின்றானை. இதைவிடத் தெளிவு எது?

செ.:
தானைக்குப் படை என்றும் பொருள் உண்டே. மாணவர் ஊசியை வைத்துவிட்டு வேலும் வாளும் தேடப் போகிறார். அந்தத் துன்னற் சிதாஅரில் ஈரும் பேனும் குடியிருந்ததை ஐயா சொல்லாமல் விட்டுவிட்டார்.

த.:
சொல் எதுவாக இருந்தாலும், முன்னால் தெரியுமா தெரியாதா என்பதை அது சொல்ல வேண்டும். செய்முறையே வேறு.

பைண்டிங்குக்கு 2½ அங்குலப் பட்டி, நீளவாக்கில் இரண்டாக மடித்தது. அதன் வெட்டு ஓரங்கள் குயில்ட்டின் ஓரத்தோடு பொருந்த, முன்பக்கத்தில் ¼ அங்குலம் விட்டுத் தைக்க வேண்டும். மூலைக்கு ¼ அங்குலம் இருக்கும்போதே நிறுத்தி, பட்டியை 45 பாகையில் மேலே மடித்து, அதன்மேல் கீழ்நோக்கி மடித்து, அடுத்த பக்கத்தைத் தொடங்கலாம். ஓரம் வரை தைத்துவிட்டால் அந்த மடிப்பு விழாது, மூலை மொட்டையாகிவிடும். பிறகு மடிப்பைப் பின்னால் திருப்பிக் கையால் எம்மிங், அதாவது ஓரத் தையல்.

ஃபேசிங்குக்குச் சுமார் 3 அங்குலப் பட்டி நான்கு. நல்லபக்கத்தோடு நல்லபக்கம் வைத்து ¼ அங்குலத்தில் தைத்தபின், தையல் விளிம்பைப் பட்டிப் பக்கம் தள்ளி, பட்டிமேல் 1/8 அங்குலத்தில் இன்னொரு தையல் ஓட்ட வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். விட்டால் பட்டி முன்பக்கம் எட்டிப் பார்க்கும். முதலில் எதிரெதிர் இரண்டு பக்கம், அவற்றைத் திருப்பியபின் மேலும் கீழும். மூலையில் தையலை வெட்டாமல் அதிகப் பஞ்சைக் கழிக்காவிட்டால் குமிழ் போல் உருண்டு நிற்கும்.

ஆகவே ஓரப்பட்டி, மறைபட்டி.

செ.:
மறைபட்டிக்கு என் வாக்கு. வினைத்தொகை, இடையில் 'ப்' வராது. 'மறைப்பட்டி' என்று அச்சடித்தால் வேதபுரி மாதிரி ஆகிவிடும்.

மு.:
பயாஸுக்கு 'குறுக்குப் பட்டி' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானே?

த.:
வேண்டாம் அம்மா, அது ஆபத்து. தையற்கடையில் 'கிராஸ்' என்றால் 45 பாகை. ஆனால் நூலில் 'குறுக்கு' என்று படிப்பவர் நெடுக்குக்கு எதிர்ப்பதமாக, ஊடை வாக்கில் நேராக வெட்டிவிடுவார். அந்தப் பட்டி போதுமான அளவு நீளாது, வளைந்த விளிம்பில் மடிப்பு மடிப்பாக நிற்கும். சாய்பட்டி என்று போடுங்கள். நேர் விளிம்புக்கு அது தேவையில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இழுத்துத் தைத்தால் பிறகு பழைய நீளத்துக்குச் சுருங்கி விளிம்பையும் கூடவே இழுத்துக்கொள்ளும்.

வி.:
ஸ்லீவை யாரும் கண்டுகொள்ளவில்லை. கை இல்லாத இடத்தில் 'கைப்பகுதி' என்று ஏற்கெனவே ஓர் அகராதி வரைவில் பார்த்தேன்!

ந.:
கோலுறை. வாளுறை போல.

த.:
இதில் ஐயாவோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வாளுறை வாளைப் பிடித்தாற்போல் இருக்கும், இது அப்படி இருக்கக் கூடாது என்று ஒரு வரி வேண்டும். 9 அங்குல அகலத் துணியைக் குழாயாகத் தைத்தால் ஏறக்குறைய 4 அங்குல உறை கிடைக்கும். நீளம் குயில்ட்டைவிட 2 அங்குலம் குறைவு. சுவர்ப் பக்கம் ½ அங்குலம் தளர்வு விட்டு, மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் அடித்துணியோடு தைக்க வேண்டும். தளர்வு இல்லாவிட்டால் கோலின் தடிமன் முன்பக்கத்தில் மேடாகத் தெரியும். ஊசி பஞ்சு வரை போகலாம், மேல்துணிக்கு வரக்கூடாது.

மு.:
ஓரப்பட்டி, மறைபட்டி, சாய்பட்டி, கோலுறை. எதிர்ப்பு இருந்தால் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.

வி.:
சரி.

செ.:
சரி. மெய்ப்புத் திருத்துபவரிடம் அந்த 'ப்' பற்றிச் சொல்லி வையுங்கள்.

ந.:
கோலுறை தவிர மூன்றுக்கும் என் எதிர்ப்பைப் பதிவு செய்க. ஆட்டுப்பட்டிகளுக்கு நடுவே என் பெயரை நன்றியுரையில் போட வேண்டாம். பின்றானையை அடிக்குறிப்பிலாவது சேர்த்தால் மறுபரிசீலனை செய்வேன்.

மு.:
ஐயா, பக்கத்தில் அடிக்குறிப்புக்கு இடம் இல்லை.