தனி ஊசல்: எடையைக் கூட்டினால் அலைவு நேரமும் கூடுகிறதே, ஏன்?

முடிச்சு50
ஊசலின் அலைவு நேரம் குண்டின் எடையைப் பொறுத்தது அல்ல என்கிறது பாடநூல். அதைச் சோதித்துப் பார்க்கிறேன். தையல் நூலின் நுனியில் இரும்பு நட்டு. மேல் பிடியிலிருந்து கீழ் முடிச்சு வரை 50 செ.மீ. எடையைக் கூட்ட, 2 செ.மீ. உயரமுள்ள நட்டுகளை இடைவெளி இல்லாமல் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டினேன். நூலின் நீளத்தில் கை வைக்கவே இல்லை. 10 அலைவுகளுக்கு ஆன நேரம்:

1 நட்டு: 14.3 வினாடி
3 நட்டு: 14.6 வினாடி
5 நட்டு: 14.9 வினாடி

திரும்ப எடுத்தாலும் இதே ஏறுமுகம்தான். கருதுகோள் தப்பா, நான் அளந்தது தப்பா?

சாய்வுக்கோடு
அளவீடு நன்றாகவே இருக்கிறது. எடையை மட்டும் மாற்றியதாக நினைத்திருக்கிறீர்கள், கூடவே நீளமும் மாறிவிட்டது.

ஊசலின் நீளம் என்பது நூலின் நீளம் அல்ல. தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் ஈர்ப்பு மையம் வரை உள்ள தூரம். ஒரு நட்டு என்றால் மையம் முடிச்சுக்கு 1 செ.மீ. கீழே, ஆக 51. மூன்றைச் சரமாகக் கட்டினால் நடு நட்டின் மையம், ஆக 53. ஐந்துக்கு 55. இந்த மூன்று நீளங்களையும் அலைவு நேரம் = 2π√(நீளம் ÷ புவியீர்ப்பு முடுக்கம்) என்ற சூத்திரத்தில் போட்டால் 10 அலைவுக்கு 14.33, 14.60, 14.88 வினாடி வருகிறது. உங்கள் எண்களே அவை.

ஆனால் கணக்கு ஒத்துப்போகிறது என்பதற்காக விஷயத்தை மூடிவிட வேண்டாம். எடையும் நீளமும் சேர்ந்தே ஏறியிருப்பதால், இந்த மூன்று வரிகளை மட்டும் வைத்து எதையும் குற்றம் சொல்ல முடியாது. இரண்டையும் பிரித்துப் பாருங்கள்:

– 5 நட்டு, நூல் 46 செ.மீ. மையம் 51-க்கே வந்துவிடும். நீளம்தான் காரணம் என்றால் 14.3 வர வேண்டும். எடையும் காரணம் என்றால் அதைவிடக் கூடும்.
– 1 நட்டு, நூல் 54 செ.மீ. இங்கே எடை கூடவே இல்லை. ஆனாலும் 14.9 வர வேண்டும்.

எதிர்பார்க்கும் எண்ணை முதலில் நோட்டில் எழுதிவிட்டு அப்புறம் ஸ்டாப்வாட்சைத் தொடுங்கள். பழைய அளவுகளையும் அடிக்க வேண்டாம், அவைதான் இந்தச் சோதனைக்கே காரணம்.

பூஜ்யம்_முதல்
மேலே சொன்னது சரி. ஆனால் 14.3-க்கும் 14.6-க்கும் வித்தியாசம் 0.3 வினாடிதான். பட்டனை அழுத்தக் கை எடுக்கும் தாமதமே சுமார் 0.2 வினாடி. 10 அலைவை விட்டு 30 அலைவு எண்ணுங்கள். கைப்பிழை அவ்வளவேதான் இருக்கும். 1 நட்டுக்கும் 5 நட்டுக்கும் உள்ள இடைவெளியோ 1.6 வினாடிக்கு மேல் போய்விடும்.

எண்ணத் தொடங்கும் இடம் ஓரம் அல்ல, நடு. ஓரத்தில் குண்டு கிட்டத்தட்ட நின்றுவிடும், எப்போது திரும்பியது என்று கண்ணுக்குப் பிடிபடாது. நடுவில் வேகம் அதிகம். பின்னால் ஒரு கோடு போட்டு, அதே திசையில் கடக்கும்போது எண்ணுங்கள். முதல் கடப்பு "பூஜ்யம்". அதை "ஒன்று" என்று எண்ணினால் 10 என நினைப்பது 9 அலைவுதான். விடை 10 சதவீதம் குறையும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

வீச்சும் முக்கியம். 5 பாகைக்கு நடுவிலிருந்து சுமார் 4.5 செ.மீ. இழுத்தால் போதும். அந்த அளவில் பிழை 0.05 சதவீதம்தான், 30 பாகையில் 1.7, 45 பாகையில் 4 சதவீதம். தள்ளாமல், கையை விட்டாலே போதும். மேல் முனையை ஆணியில் சுற்றாதீர்கள், ஆடும்போது நூல் சுற்றிச் சுற்றி அவிழும். இரண்டு தட்டையான கட்டைகளுக்கு நடுவே இறுக்குங்கள். நீளத்தை நட்டு தொங்கும்போதே அளக்க வேண்டும், பாரத்தில் நூல் கொஞ்சம் இழுபடும்.

சாய்வுக்கோடு
கூடுதலாக ஒன்று. எடையை மாற்றி வடிவத்தை மாற்றாமல் இருக்க, ஒரே விட்டமுள்ள இரும்புக் குண்டும் கண்ணாடிக் குண்டும் நல்ல ஜோடி. டப்பாவில் மணல் நிரப்புவதானால் முழுக்க நிரப்புங்கள். பாதி நிரப்பினால் மையம் கீழே இறங்கி, பழைய கதைதான். நியூட்டன் ஊசலை வைத்துப் பொருள்களை ஒப்பிட்டபோது 11 அடி நூலில் ஒரே மாதிரியான இரண்டு மரப்பெட்டிகளைத் தொங்கவிட்டார். ஒன்றில் மரம், மற்றதில் அதே எடைக்குத் தங்கம். பிறகு வெள்ளி, ஈயம், உப்பு, கோதுமை என்று மாற்றிக்கொண்டே போனார். பெட்டி ஒன்றேயானதால் காற்றின் தடையும் இரண்டுக்கும் ஒன்றே.

முடிச்சு50
30 அலைவு எண்ணிப் பார்த்தேன். 5 நட்டு, 46 செ.மீ. நூல்: 43.0 வினாடி. 1 நட்டு, 54 செ.மீ.: 44.6. எடையில் ஒன்றும் இல்லை! அடுத்து நீளத்தை மாற்றி வரைபடம் போடலாமா? ஒவ்வொரு முறையும் நட்டின் மையம் வரை அளப்பதுதான் சிரமம்.

சாய்வுக்கோடு
முடிச்சு வரையே அளங்கள், நட்டை மட்டும் மாற்றாதீர்கள். 30-லிருந்து 100 செ.மீ. வரை 10 செ.மீ. இடைவெளியில் எடுத்து, நீளத்தைக் கிடை அச்சிலும் அலைவு நேரத்தின் வர்க்கத்தைச் செங்குத்து அச்சிலும் குறியுங்கள். நேர்கோடு வரும், சாய்வு மீட்டருக்கு ஏறக்குறைய 4.02. சூத்திரத்தை வர்க்கமாக்கினால் வரும் 4π²-ஐ, அதாவது 39.48-ஐ, அந்தச் சாய்வால் வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கம், 9.8-க்குப் பக்கத்தில். கோடு மூலப்புள்ளி வழியே போகாது. நீட்டினால் நீள அச்சை −1 செ.மீ. அருகே வெட்டும். நீங்கள் அளக்காமல் விட்ட தூரம் அது. மூலப்புள்ளி வழியே வலுக்கட்டாயமாக இழுத்தால் சாய்வு கூடி முடுக்கம் குறைவாக வரும்.