மறு: பிரித்த தரவுத்தளத்தின் ‘பாஸ்வேர்டு’: தமிழில் ஒரே சொல் போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

மைக்ரோசாப்டின் தரவுத்தள மென்பொருளான ஆக்சஸ் பற்றிய வழிகாட்டியைத் தமிழாக்கும் நண்பர், இரு கோப்புகளாகப் பிரித்த தரவுத்தளத்தின் ‘பாஸ்வேர்டு’க்குச் சொல் கேட்டிருந்தார். அவருக்கு ‘தரவுத்தளக் கடவுச்சொல்’ என்று எழுதச் சொல்லிப் பலரும் இசைவு தெரிவித்துவிட்டீர்கள். எனக்கு உடன்பாடில்லை. அந்த ஒரு சொல்லை நம்பிப் படிக்கிறவர், பாதுகாக்க வேண்டிய கோப்பை விட்டுவிட்டு இன்னொன்றைப் பூட்டிவிடுவார் என்று அஞ்சுகிறேன். சொல்லுக்கு முன் செயல்முறையைப் பார்த்துவிடுவோம்.

> பயனர் திறக்கும் கோப்புக்குக் கடவுச்சொல் போட்டாலே போதுமே? எல்லாரும் அதன் வழியாகத்தானே நுழைகிறார்கள்?

போதாது, ஐயா. தரவுத்தளத்தைப் பிரிக்கும்போது அட்டவணைகள் மட்டும் தனிக் கோப்பாகி, வலையமைப்பில் பொதுவான ஒரு கோப்புறைக்குப் போகின்றன. படிவம், வினவல், அறிக்கை, நிரல் எல்லாம் மற்றொரு கோப்பில் தங்கி, ஒவ்வொருவர் கணினிக்கும் ஒரு படியாகச் செல்கின்றன. அதில் அட்டவணைபோலத் தெரிவது வெறும் இணைப்பு. பதிவுகளைத் திருத்துகிற எவருக்கும் பொதுக் கோப்புறையில் எழுதும் உரிமை இருந்தாக வேண்டும். அந்த உரிமை உள்ளவர் அட்டவணைகள் இருக்கும் கோப்பை நேரடியாகத் திறக்கலாம், பென் டிரைவில் படியெடுத்தும் போகலாம்.

முழுத் தரவுத்தளத்துக்கும் முதலில் கடவுச்சொல் போட்டுவிட்டுப் பிறகு பிரிக்கிறவர்களும் உண்டு. பிரித்துக் கொடுக்கும் கருவி புதிதாக உருவாக்கும் அட்டவணைக் கோப்பில் அந்தக் கடவுச்சொல் இருக்காது. தனியாகத்தான் போட வேண்டும். நண்பரின் வழிகாட்டியில் இதைத் தடித்த எழுத்தில் அச்சிட வேண்டும் என்பேன்.

சரி, அட்டவணைக் கோப்பைத் தனித்துத் திறந்து கடவுச்சொல் போட்டாயிற்று. பழைய இணைப்புகள் அத்தனையும் உடனே செயலற்றுப் போகும். அவற்றை நீக்கி, புதிய கடவுச்சொல்லைக் கொடுத்து மறுபடி இணைக்க வேண்டும். அப்படிக் கொடுத்த சொல் எங்கே போகிறது? பயனர் கையில் இருக்கும் கோப்புக்குள், எம்சிஸ்ஆப்ஜெக்ட்ஸ் (MSysObjects) என்ற, மென்பொருள் தன் பயனுக்கு வைத்திருக்கும் அமைப்பு அட்டவணையில், எதனோடு எப்படி இணைவது என்று குறிக்கும் இணைப்புச் சரத்தின் நடுவே எழுத்துக்கு எழுத்து அப்படியே பதிந்துவிடுகிறது. அமைப்பு அட்டவணைகளைக் காட்டும்படி விருப்பத்தேர்வில் ஒரு குறியிட்டால் யாரும் அதைப் படித்துவிடலாம். எனவே அந்தக் கோப்பையும் மறைகுறியாக்கியே, அதாவது கடவுச்சொல் இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றியே, ஆக வேண்டும். அதன் பிறகும் கிடைப்பது வெளியாரிடமிருந்து பாதுகாப்பு மட்டுமே. அன்றாடம் அதைத் திறக்கும் பணியாளருக்கு அதன் கடவுச்சொல் தெரியும். உள்ளே சென்று அட்டவணைக் கோப்பின் கடவுச்சொல்லையும் எடுத்துவிடுவார். ஆளுக்கு ஆள் உரிமையைப் பிரித்துத் தந்த பழைய ஏற்பாடு, ஆக்சஸின் பழைய கோப்பு வடிவமான எம்டிபியோடு (.mdb) நின்றுவிட்டது. 2007இல் வந்த ஏசிசிடிபி (.accdb) வடிவத்தில் அது இல்லை. பணியாளரிடமிருந்தே காக்க வேண்டிய தரவாக இருந்தால் வழங்கிக் கணினி (server) ஒன்றில் இயங்கும் தரவுத்தளத்துக்கு மாறுவதே முறை.

ஆக, ‘தரவுத்தளக் கடவுச்சொல்’ என்ற ஒரே பெயருக்குள் மூன்று இருக்கின்றன: அட்டவணைக் கோப்பினுடையது, பயனர் திறக்கும் கோப்பினுடையது, இணைப்புக்குள் பதிந்து கிடப்பது.

இனி சொல்லுக்கு வருகிறேன். கடவுச்சொல் ஒரு மனிதருக்கு உரியது. கடவுச்சீட்டைப் போல, ‘நீ யார்’ என்ற கேள்விக்குப் பயனர் பெயரோடு சேர்ந்து விடை சொல்கிறது. இந்தக் கோப்போ யார் என்று கேட்பதேயில்லை. ஒரே சொல்தான், எல்லாருக்கும் பொது. ஆகவே கோப்புக்கு உரியதைப் ‘பூட்டுச்சொல்’ என்று அழைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

> ஈழத்தில் சாவியைத் திறப்பு என்கிறோம். ‘திறப்புச்சொல்’ இரு கரையிலும் விளங்குமே?

அழகான சொல், அக்கா. வேறு துறையாக இருந்தால் தயங்காமல் எடுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் தரவுத்தள நூலில் பக்கத்துக்குப் பக்கம் முதன்மைத் திறவுகோல் (primary key) வரும், அயல் திறவுகோல் (foreign key) வரும். ஆய்வுக் கட்டுரைகளின் தொடக்கத்தில் திறவுச்சொற்கள் வேறு இருக்கின்றன. இத்தனைக்கும் நடுவில் திறப்புச்சொல் தடுமாறச் செய்யும்.

> பூட்டுச்சொல் பூட்டுவதை மட்டுமல்லவா சொல்கிறது?

அதுவே அதன் வலிமை என்று நினைக்கிறேன். எம்டிபி கோப்பில் கடவுச்சொல் நுழைவில் மட்டும் நின்றது. உள்ளே தரவு மறைகுறியாகவில்லை. ஏசிசிடிபியில் சொல்லைப் போடுவதும் கோப்பு முழுவதையும் மறைகுறியாக்குவதும் ஒரே செயல். 2010 பதிப்பில் அதற்கான இயல்பு முறை மேலும் வலுப்பட்டது. எனவே புதிய வடிவத்துக்குப் பூட்டுச்சொல், எம்டிபிக்குக் கடவுச்சொல் என்றே எழுதலாம். இரண்டின் பாதுகாப்பும் ஒன்றல்ல என்பது படிக்கும்போதே புரியும்.

மூன்றாவதற்குப் புதுச்சொல் வேண்டாம். ‘இணைப்பில் பதிந்த பூட்டுச்சொல்’ என்று விரித்தே எழுதுவோம். நீளம்தான், ஆனால் ஆபத்து எங்கே என்று காட்டுகிறது.

பயனர் திறக்கும் கோப்புக்கு முன்முனை, அட்டவணைகள் உள்ளதற்குப் பின்முனை என்று முன்பே எழுதப்பட்டது. கணக்கரும் நூலகரும் படிக்கப்போகிற வழிகாட்டியில் எது முன், எது பின் என்று எதை வைத்துத் தீர்மானிப்பார்கள்? முகப்புக் கோப்பு, அட்டவணைக் கோப்பு என்றால் உள்ளே இருப்பது தெரியும்.

முகப்புக் கோப்பில் அட்டவணைபோலத் தெரியும் இணைப்புக்கு வைத்த ‘இணைப்பு அட்டவணை’ என்ற பெயரையும் மாற்ற வேண்டும். பலவற்றைப் பலவற்றோடு உறவுபடுத்த இடையில் வைக்கும் அட்டவணைக்கு அந்தப் பெயர் தேவைப்படும். ‘தொடுப்பு அட்டவணை’ என்றால் தமிழ்நாட்டில் பலர் அலுவலகத்தில் வாய்விட்டுச் சொல்லக் கூசுவார்கள். அச்சொல்லுக்கு இங்கே வேறு பொருள் ஒட்டிக்கொண்டுவிட்டது. ‘இணைத்த அட்டவணை’ என்ற பெயரெச்சமே போதும்.

இவற்றை வைத்து ஒரு பத்தியை எழுதிப் பார்த்தேன்:

‘முதலில் அட்டவணைக் கோப்பைத் தனித்துத் திறந்து பூட்டுச்சொல் இடுக. முகப்புக் கோப்பில் இணைத்த அட்டவணைகளை நீக்கிவிட்டு மீண்டும் இணைக்க. இணைப்பில் பதிந்த பூட்டுச்சொல்லைப் பிறர் படிக்காதிருக்க, முகப்புக் கோப்புக்கு வேறொரு பூட்டுச்சொல் இடுக.’

இதில் ‘தனித்துத் திறந்து’ மட்டும் எனக்கு நிறைவாக இல்லை. வேறு எவரும் அந்த நேரத்தில் கோப்பைத் திறந்திருக்கக் கூடாது என்ற பொருள் அதில் முழுமையாக வரவில்லை. ‘தனியுரிமையில் திற’ என்ற பரிந்துரை அந்தரங்கத்தைக் குறிக்கப் போய்விடும். இதற்கு உங்களிடம் நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்.