லாசோனிக்கின் ஆய்வுகள்: நிறுவன ஆளுகை என்பது மேலாளர்களைக் கண்காணிப்பது மட்டும்தானா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். பங்குதாரரே உரிமையாளர், மேலாளர் அவருடைய முகவர், அந்த முகவர் பணத்தை வீணடிக்காமல் பார்த்துக்கொள்வதே நிறுவன ஆளுகை என்றுதான் நான் முதுகலையில் படித்தேன். இப்போது அமெரிக்கப் பொருளியலாளர் வில்லியம் லாசோனிக்கை வாசிக்கிறேன். லாபத்தை நிறுவனத்திலேயே வைத்து மறுமுதலீடு செய்த காலம் போய், ஆட்களைக் குறைத்துப் பணத்தைப் பங்கிடும் காலம் வந்துவிட்டது என்று மேரி ஓ'சல்லிவனுடன் 2000-இல் எழுதிய கட்டுரையில் அவர் வாதிடுகிறார். உபரிப் பணத்தைப் பங்குதாரருக்குத் திருப்பித் தருவது புத்தாக்கத்தை எப்படிக் கெடுக்கும்?

பதில் 1:
புத்தாக்கத்தின் விளைவை முன்கூட்டி யாராலும் அறிய முடியாது என்பதே அவருடைய தொடக்கப்புள்ளி. ஆகவே முடிவெடுப்பவருக்குத் தொழிலின் உள்விவரம் தெரிந்திருக்க வேண்டும், ஊழியர்கள் சேர்ந்து கற்க வேண்டும், அந்தக் கற்றல் பலன் தரும்வரை பணம் காத்திருக்க வேண்டும் என்கிறார். உங்கள் கேள்வி மூன்றாவதைத் தொடுகிறது. எஸ் அண்ட் பி 500 என்னும் பெரிய அமெரிக்க நிறுவனங்களின் பட்டியலிலிருந்து அவர் ஆராய்ந்த 449 நிறுவனங்கள், 2003 முதல் 2012 வரை ஈட்டிய லாபத்தில் 54 சதவீதத்தை, அதாவது 2.4 லட்சம் கோடி டாலரை, சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்குவதற்கே செலவிட்டன. ஈவுத்தொகைக்கு மேலும் 37 சதவீதம் போயிற்று. அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்காணையம் 1982-இல் கொண்டுவந்த ஒரு விதி, குறிப்பிட்ட வரம்புக்குள் இவ்வாறு வாங்கும் நிறுவனத்தின் மீது விலையைச் செயற்கையாக ஏற்றியதாகக் குற்றம் சாட்டப்படாமல் பாதுகாப்பளித்தது. உயர் நிர்வாகிகளின் ஊதியத்தில் பெரும்பகுதி, இவ்வாறு வாங்குவதால் உயரக்கூடிய பங்கு விலையோடு பிணைந்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் போக்கு ஏன் வேரூன்றியது என்பது புரியும்.

பதில் 2:
எனக்கு இதில் முழு உடன்பாடில்லை. ஹார்வர்டைச் சேர்ந்த ஜெஸ்ஸி ஃபிரீடும் சார்லஸ் வாங்கும் 2018-இல் சுட்டியதுபோல, நிறுவனங்கள் புதிய பங்குகளை வெளியிட்டுத் திரும்பப் பெறும் தொகையைக் கழித்தால் வெளியேறும் பணம் கணிசமாகக் குறைகிறது. அப்படி வெளியேறுவதும் மறைந்துவிடுவதில்லை. இளம் நிறுவனங்களுக்கு முதலீடாகவும் அது போய்ச்சேர்கிறது.

பதில் 3:
பணம் இடம் மாறும், ஐயா. ஒரு குழு சேர்ந்து கற்றது அவ்வளவு எளிதில் மாறாது. நான் பணியாற்றிய நிறுவனமொன்றில், பங்குகளைத் திரும்ப வாங்குவதாக அறிவித்த அதே ஆண்டில் உலோகச் சோதனைப் பிரிவைக் கலைத்தார்கள். தோல்வியுற்ற சோதனைகளின் பதிவேடுகள் அலமாரியில் அப்படியே இருந்தன. ஆனால் ஓரத்தில் பென்சிலால் இட்ட சுழிக்கு என்ன பொருள், எந்த உலையில் வெப்பமானி எப்போதும் சற்றுக் கூடுதலாகக் காட்டும் என்பதெல்லாம் வெளியேறிய ஏழு பேருக்கு மட்டுமே தெரியும். இரண்டாண்டு கழித்து அதே சோதனைகளை முதலிலிருந்து தொடங்கினோம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் பதில் 2-இல் உள்ள கணக்கு சரியாகவே இருந்தாலும், லாசோனிக்கின் இரண்டாவது நிபந்தனை அதற்குள் அடங்கவில்லை. ஊழியரின் கற்றலும் ஒரு முதலீடு என்றால், இயக்குநர் குழுவில் அவர்களுக்கு இடம் வேண்டும் என்ற அவருடைய வாதத்தை அடுத்துப் படிக்கிறேன்.